நம்பிக்கைகளும் உண்மைகளும்: ஓசூர் வட்டாரத்து ஆண்களின் சட்டையும் பேன்ட்டும்

ஓசூரில் மாதத்தின் முதல் வாரம் துணிக்கடைகளின் வாரம். சிப்காட் ஆலைகளில் சம்பளம் ஏறியதும், தர்மபுரி, சேலம், திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்கள் வீட்டுக்குப் பணம் அனுப்பிவிட்டு, மிச்சத்தில் ஒரு சட்டையோ பேன்ட்டோ எடுக்கிறார்கள். ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசு அது. நாலு துவைப்பில் காலர் கொப்புளித்து, தோள் தொங்கிப்போன சட்டையோடு அவர்களைப் பார்க்கும்போது மனசு பொறுப்பதில்லை. இதற்கெல்லாம் கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டுப் பழகி, யாரும் சோதித்துப் பார்க்காமல் விட்ட சில நம்பிக்கைகளுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு.

இந்த வட்டாரத்துக்கு ஆண்கள் உடை மூன்று வாசல் வழியாக வருகிறது. அத்திப்பள்ளியைத் தாண்டினால் சுமார் 40 கிலோமீட்டரில் பெங்களூரு. அங்கே மால்களும் பிராண்டு ஷோரூம்களும் ஏற்றுமதி ஆலைகளின் மிச்சச் சரக்கும். மறுபுறம் கிருஷ்ணகிரியைத் தாண்டிச் சென்னை சாலையில் பர்கூர். துணிக்கடைகள் வரிசை கட்டி நிற்பதால் ‘குட்டி சூரத்’ என்று பெயர் வாங்கிய ஊர். மூன்றாவது, தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பேசி அளவெடுக்கும் நம் தையற்காரர்கள். மூன்று வாசலிலும் நல்லதும் வரும், மட்டமானதும் வரும்.

“லூசாக இருந்தால்தான் வேலை செய்ய வசதி”

தையற்கடைகளில் அதிகம் கேட்கும் வாக்கியம் இதுதான்: “அண்ணா, நல்லா லூசா வெச்சிடுங்க, வண்டி ஓட்டணும்.” அண்ணாவும் வைத்துவிடுகிறார். மார்பில் இரண்டு அங்குலம், தோளில் ஓர் அங்குலம், ஆம்ஹோலில் இன்னும் கொஞ்சம். போட்டுக்கொண்டு வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்தால் என்ன ஆகிறது? சட்டை மொத்தமும் மேலே ஏறுகிறது. இன் பண்ணியது வெளியே வருகிறது. முதுகுப் பக்கம் காற்று புகுந்து உப்புகிறது. ‘இன்னும் லூசாக வைத்திருக்கலாமோ’ என்று அடுத்த சட்டைக்கு இன்னும் ஓர் அங்குலம் கூட்டச் சொல்கிறார்கள்.

கை அசைவது தோள் மூட்டில். சட்டையின் கை உடம்போடு சேரும் வட்டம்தான் ஆம்ஹோல். அந்த வட்டத்தின் அடிப்பக்கம் அக்குளுக்கு நெருக்கமாக இருந்தால், கையைத் தூக்கும்போது சட்டையின் கை மட்டும் தூக்கிக்கொள்ளும். உடல் பகுதி இருந்த இடத்திலேயே நிற்கும். அதே வட்டம் அக்குளிலிருந்து இரண்டு அங்குலம் கீழே தொங்கினால், கையும் சட்டையின் பக்கவாட்டும் ஒரே துணியாக நடந்துகொள்ளும். கையைத் தூக்கினால் இடுப்பிலிருந்து இழுக்கும். அதனால் உயரமான, சிறிய ஆம்ஹோல்தான் கைக்கு விடுதலை தருகிறது. அகலமான ஆம்ஹோல் கட்டிப்போடுகிறது. கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும். இரண்டு விதமான சட்டையைப் போட்டுக் கையைத் தூக்கிப் பார்த்தவருக்கு மறுபேச்சு இருக்காது.

தளர்வு வேண்டிய இடமே வேறு. மார்புச் சுற்றளவைவிடச் சட்டை நான்கைந்து அங்குலம் கூடுதலாக இருக்கலாம். வேலைக்குப் போடும் சட்டை என்றால் இன்னும் ஓர் அங்குலம். தோள் தையல் மட்டும் தோள் எலும்பு முடியும் இடத்திலேயே முடிய வேண்டும். விரலால் தடவினால் அந்த எலும்பின் முனை தட்டுப்படும். தையல் அதைத் தாண்டிக் கையில் விழுந்தால் சட்டை பெரிது. கழுத்துப் பக்கம் ஏறி நின்றால் சிறிது. இந்த ஒன்றைப் பார்க்கப் பழகிக்கொண்டவர் சட்டை எடுப்பதில் பாதி தூரம் வந்துவிட்டார்.

ஆலையில் வேலை பார்ப்பவருக்கு இது அழகோடு நிற்கும் விஷயம் இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 22ஆம் பிரிவு ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்தைப் பற்றியது. அதைப் பரிசோதிப்பது, எண்ணெய் விடுவது, பெல்ட்டை மாற்றுவது போன்ற வேலைகளை, பயிற்சி பெற்ற தொழிலாளி உடம்போடு ஒட்டிய உடை அணிந்துதான் செய்ய வேண்டும் என்றது அந்தச் சட்டம். அந்த உடையை நிர்வாகமே தர வேண்டும் என்றும் சொன்னது. லேத்தும் டிரில்லிங் மெஷினும் ஓடும் இடத்தில் தொங்கும் கஃப்பும் வெளியே பறக்கும் சட்டை நுனியும் எத்தனை ஆபத்து என்பதை ஐ.டி.ஐ. படித்த எந்தப் பையனும் அறிவான். இருந்தும் யூனிஃபார்ம் துணி கையில் வந்ததும் லூசாகவே தைத்துக்கொள்கிறான். நிறுவனம் துணியும் தையல் கூலியும் தருகிற இடங்களில், அளவு கொடுக்கும்போது தோளையும் ஆம்ஹோலையும் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். வருடம் முழுக்க, வாரத்தில் ஆறு நாள் உடம்பில் இருக்கப்போகிற உடை அது. கல்யாணச் சட்டைக்குக் காட்டும் அக்கறையில் பாதியாவது அதற்குக் கிடைக்க வேண்டாமா?

இதற்கு நேர் எதிரான நம்பிக்கை இளைஞர்களிடம் இருக்கிறது: பிடித்தால்தான் ஃபிட். பட்டன் போட்டதும் ஒவ்வொரு பட்டனைச் சுற்றியும் குறுக்குக் கோடுகளாகத் துணி இழுத்தால், சட்டை உடம்புக்குப் பற்றவில்லை என்று பொருள். பேன்ட்டின் பக்கப் பைகள் காதுபோல் விரிந்து நின்றால் சீட் அல்லது தொடை போதவில்லை. ஸ்ட்ரெட்ச் துணி எல்லாவற்றையும் சமாளிக்கும் என்று நினைக்க வேண்டாம். அதில் இரண்டு மூன்று சதவீதம் கலந்திருக்கும் லைக்ரா இழைக்குச் சூடு ஆகாது. கொதிக்கும் இஸ்திரிப் பெட்டியும் உச்சி வெயிலும் பட்டுப் பட்டு மீள்தன்மை போய், முட்டியில் துணி பை மாதிரித் தொங்க ஆரம்பிக்கும்.

பேன்ட்டில் தோளுக்கு நிகரான இடம், இடுப்புப் பட்டைக்கும் கால்கள் பிரியும் இடத்துக்கும் நடுவே உள்ள உயரம். வண்டியில் உட்கார்ந்தால் பின்பக்கம் பேன்ட் இறங்கி முதுகு தெரிகிறதென்றால் இடுப்பு அளவு பெரிதாகிவிட்டது என்று பெல்ட்டை இறுக்குகிறோம். பெரும்பாலும் பின்பக்க உயரம்தான் போதாமல் இருக்கும். பெல்ட் அதைச் சரிசெய்யாது. தொப்பை உள்ளவர்கள் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுவதால் உயரம் மிஞ்சி, பாட்டம் செருப்பின் மேல் குவிகிறது. அவர்கள் அளவு கொடுக்கும்போது வழக்கமாகக் கட்டும் இடத்தில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டே நிற்க வேண்டும். வெட்கப்பட்டு வயிற்றை எக்கிக்கொண்டு கொடுக்கும் அளவு டெய்லரையும் ஏமாற்றும், நம்மையும் ஏமாற்றும்.

“என் சைஸ் 40”

எந்த 40? பெரிய பிராண்டுகள் பலவற்றின் ஃபார்மல் சட்டையில் 38, 39, 40, 42, 44 என்று வரும் எண் காலரின் சென்டிமீட்டர் அளவு. அந்தக் கணக்கில் 39தான் மீடியம், 40 லார்ஜ். வேறு பல தயாரிப்பாளர்கள் 38, 40, 42 என்று போடுவது மார்பின் அங்குல அளவு. அங்கே 40தான் மீடியம். ஒரே ஆள், ஒரே எண், இரண்டு வெவ்வேறு சட்டை. பேன்ட்டிலும் அப்படித்தான். 32 என்று போட்ட பேன்ட்டின் இடுப்பில் டேப் வைத்துப் பாருங்கள், 33ம் வரும், 34ம் வரும்.

நம் உடம்பை முறையாக அளந்து உருவாக்கிய அளவுப் பட்டியல் இந்தியாவில் நெடுநாள் இல்லை. அமெரிக்க, ஐரோப்பியப் பட்டியல்களை அங்கங்கே கூட்டிக் குறைத்துத்தான் ஆயத்த ஆடைகள் வெட்டப்பட்டு வந்தன. தோள் சரியாக இருந்தால் கை நீளம், இடுப்பு சரியாக இருந்தால் கால் நீளம் என்று நம்மில் பலர் படும் பாட்டுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. இந்தக் குறையைப் போக்கத்தான் தேசிய ஆடை வடிவமைப்புக் கழகமான நிஃப்ட், மத்திய ஜவுளி அமைச்சகத்தின் ஆதரவோடு ‘இந்தியாசைஸ்’ என்ற கணக்கெடுப்பைக் கையில் எடுத்தது. டெல்லி, மும்பை, சென்னை, ஹைதராபாத், கொல்கத்தா, ஷில்லாங் ஆகிய ஆறு நகரங்களில் 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளப்பது திட்டம். அந்த அளவுகள் கடை அலமாரிக்கு வந்து சேரும்வரை நம் கையில் ஒரு டேப் இருக்கட்டும். நன்றாகப் பொருந்துகிற பழைய சட்டை ஒன்றைத் தரையில் விரித்துத் தோள், மார்பு, கை நீளம், உயரம் நான்கையும் அளந்து கைபேசியில் எழுதி வைத்துக்கொண்டால், ஆன்லைனில் வாங்கும்போதும் அதுவே உதவும்.

“பார்டர் தாண்டினால் விலை குறைவு, சரக்கும் ஒசத்தி”

மதிப்புக் கூட்டு வரி இருந்த காலத்தில் மாநிலத்துக்கு மாநிலம் விகிதம் மாறியதால், விலையைப் பற்றிய பேச்சில் கொஞ்சம் நியாயம் இருந்திருக்கலாம். 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி இரு பக்கமும் ஒன்றுதான். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள ஆயத்த ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18. பெங்களூருவில் பில் போட்டாலும் ஓசூரில் போட்டாலும் இதே விகிதம். பஸ் கட்டணமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்தான் கூடுதல் செலவு.

ஒசத்திச் சரக்கு என்று சொல்வது பெரும்பாலும் ‘எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்’. பெங்களூரு இந்தியாவின் பெரிய ஆடை ஏற்றுமதி மையங்களில் ஒன்று; மிச்சச் சரக்கு உண்மையிலேயே வெளியே வருகிறது. வருவதில் மூன்று வகை. ஆர்டரைவிடக் கூடுதலாகத் தைத்தது ஒன்று. வாங்குபவர் ஆர்டரை ரத்து செய்ததால் தேங்கியது இன்னொன்று. இவை இரண்டும் நல்ல சரக்காக இருக்கும். மூன்றாவது, சோதனையில் கழித்துவிட்டது. ஒரு கை கால் அங்குலம் நீளம், சாயத்தில் நிற வேறுபாடு, காஜா தப்பியது என்று ஏதோ ஒரு பழுது அதில் இருக்கும். நாலாவதாக, எந்த ஏற்றுமதி ஆலையையும் கண்ணால் பாராமல் வெளிநாட்டு லேபிள் மட்டும் ஒட்டிக்கொண்டதும் அதே குவியலில் கிடக்கும். ஆகவே லேபிளை விட்டுவிட்டு, சட்டையை நடுவே மடித்து இரண்டு கையையும் ஒன்றின் மேல் ஒன்று வையுங்கள்; நீளம் ஒத்துப்போகிறதா? இரண்டு காலர் நுனியும் சமமா? கட்டம் போட்ட சட்டை என்றால் பையின் கட்டமும் மார்பின் கட்டமும் சேர்கின்றனவா? இந்த மூன்று கேள்விக்கும் அரை நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும்.

வெளிநாட்டுப் பெயர் என்றதும் பிராண்டே வெளிநாட்டுடையது என்று எண்ணுவதும் இதன் ஒட்டுதான். லூயி பிலிப் என்பது ஒரு பிரெஞ்சு அரசரின் பெயர். அந்தப் பெயரில் 1989இல் இந்தியச் சந்தைக்குச் சட்டை கொண்டுவந்தது, மதுரையைப் பெயரிலேயே தாங்கிய மதுரா கோட்ஸின் ஆயத்த ஆடைப் பிரிவு. 1993இல் ஆலன் சோலியையும் 1997இல் பீட்டர் இங்கிலாந்தையும் இந்தியாவில் இறக்கியதும் அவர்களே. 1999இல் அந்தப் பிரிவு ஆதித்ய பிர்லா குழுமத்திடம் போனது. அதன் தலைமையகம் நமக்குப் பக்கத்திலே பெங்களூருவில்தான். நல்ல சட்டைகள்தாம் அவை. பணம் கொடுக்கும்போது தையலுக்கும் துணிக்கும் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் போதும்.

“பர்கூர் துணி நீடிக்காது”

இது அநியாயமான பேச்சு. பர்கூர்க் கடைகளில் சூரத் பாலியஸ்டரும் இருக்கும், ஈரோட்டுப் பருத்தியும் இருக்கும், பெயர் பெற்ற மில்களின் கட்பீஸும் இருக்கும். மொத்த வியாபாரம் நடக்கிற இடத்தில் விலை குறைவாக இருப்பது இயல்பு. அதை வைத்துத் துணியை மட்டம் என்று சொல்லிவிட முடியாது. துணியைத் துணியாகப் பார்க்கத் தெரிய வேண்டும்.

கடைக்காரர் “60 கவுண்ட், 80 கவுண்ட், 100 கவுண்ட்” என்று அடுக்குவார். எண் கூடக் கூடத் துணி உறுதி என்று கேட்பவர் நினைத்துக்கொள்கிறார். கவுண்ட் என்பது நூலின் மென்மையைக் காட்டும் கணக்கு. ஒரு பவுண்டு பருத்தியில் 840 கஜம் கொண்ட சிட்டம் எத்தனை வருகிறதோ அதுவே கவுண்ட். 40 கவுண்ட் என்றால் ஒரு பவுண்டில் 33,600 கஜம், சுமார் 30 கிலோமீட்டர் நூல். 100 கவுண்ட் என்றால் 76 கிலோமீட்டருக்கு மேல்: ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போய்ப் பாதி வழி திரும்பி வரலாம். அத்தனை நீளம் இழுத்த நூல் மெல்லியது, வழவழப்பானது, விலை கூடியது. தினமும் போட்டு, கல்லில் அடித்துத் துவைக்கிற சட்டைக்கு 40 கவுண்ட் துணியே நெடுநாள் தாங்கும். மெல்லிய நூலே வேண்டும் என்றால் இரண்டு புரி முறுக்கிய டபுள் நூலா என்று கேளுங்கள்.

வெளிச்சத்துக்கு எதிரே துணியைப் பிடித்துப் பாருங்கள். நெசவு ஒரே சீராகத் தெரிய வேண்டும். திட்டுத் திட்டாக அடர்த்தி மாறினால் வேண்டாம். கைக்குள் கசக்கிப் பத்து விநாடி வைத்து விட்டு, சுருக்கம் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு விரலுக்கு இடையில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள்; வெள்ளையாகத் தூள் உதிர்ந்தால் அந்தத் தடிமன் கஞ்சி கொடுத்தது, முதல் துவைப்பில் போய்விடும். ஈரக் கைக்குட்டையால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பதைக் கடைக்காரர் தடுத்தால், அதுவே ஒரு பதில். ஆயத்தச் சட்டை என்றால் ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணுங்கள். 12க்கு மேல் இருந்தால் நல்லது. ஏழெட்டுத்தான் என்றால் தைத்தவர் அவசரப்பட்டிருக்கிறார். காலரைக் கிள்ளிப் பார்த்து, உள்ளே இருக்கும் ஃப்யூசிங் துணியோடு ஒட்டியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒட்டாத ஃப்யூசிங்தான் பிறகு கொப்புளமாகக் கிளம்புகிறது.

“நூறு சதவீதம் காட்டன்தான் தரம்”

வெயிலுக்கும் வியர்வைக்கும் காட்டன்தான், மறுப்பில்லை. சாதாரணக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் எட்டு சதவீதத்துக்கு மேல் ஈரம் பிடித்து வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. காவேரிப்பட்டினத்து மே மாதத்தில் அந்த வேறுபாடு முதுகுக்குத் தெரியும். ஆனால் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில், தூறல் விடாத வாரத்தில், இரண்டே செட் யூனிஃபார்மை அறைக்குள் கொடி கட்டிக் காயவைக்கிற பையனுக்கு 67க்கு 33 கலந்த டெரிகாட்டன் நல்ல நண்பன். சீக்கிரம் காயும், கசங்காது, முழங்கையில் சட்டென்று கிழியாது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. வெல்டிங், கிரைண்டிங், உலை என்று தீப்பொறி பறக்கிற வேலைக்குப் பாலியஸ்டர் போடாதீர்கள். சுமார் 260 டிகிரி செல்சியஸில் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி கருகும், உருகி ஒட்டாது. அங்கே தடித்த காட்டன், அல்லது தீ தாங்குமாறு பதப்படுத்திய துணிதான் வேண்டும். இதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

“துவைத்தால் சுருங்கும், ஒரு சைஸ் பெரிதாக எடு”

மில்லில் துணியை முன்கூட்டியே சுருக்கி அனுப்பும் சான்ஃபரைஸ் முறைக்கு அமெரிக்கரான சான்ஃபோர்ட் க்ளூவெட் 1930இல் காப்புரிமை பெற்றார். அப்படிப் பதப்படுத்திய துணியில் சுருக்கம் ஒன்றிரண்டு சதவீதத்தோடு நிற்கும். ஒரு சைஸ் கூட்டினாலோ மார்பில் மட்டும் இரண்டு அங்குலம் ஏறும், தோளும் சேர்ந்து இறங்கும். கைத்தறியும் கதரும் வேறு கதை. அவற்றைத் தைக்கக் கொடுப்பதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்துக் கொடுங்கள்.

“பளபளவென்றிருந்தால் பட்டு”

கிருஷ்ணகிரி மாவட்டம் மல்பெரி விளையும் மண். பட்டுக்கூடு விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் நிறைய. மல்பெரி, பட்டுப்புழு இனங்களைக் காக்கும் மத்தியப் பட்டு வாரியத்தின் மரபுவள மையமும் ஓசூரில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் மாப்பிள்ளைக்கு ‘பட்டுச் சட்டை’ என்று எடுப்பது பல சமயம் பாலியஸ்டராக இருப்பது எனக்குத் தாங்கவில்லை. ஆர்ட் சில்க் என்று பில்லில் இருந்தால் அது செயற்கை இழை. விருப்பப்பட்டு, விலை தெரிந்து அதை எடுப்பதில் தவறில்லை. பட்டின் விலை கொடுத்து எடுக்கக் கூடாது. ஓரத்தில் நாலு இழை உருவிக் கொளுத்தினால், பட்டு முடி கருகும் வாசனை விட்டுத் தூளாக உதிரும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாக உறையும். கொளுத்த வழியில்லாத இடத்தில், 2004 முதல் வழக்கில் இருக்கும் சில்க் மார்க் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

வரவேற்புக்குக் கோட் எடுக்கிறவர்களுக்கும், பொதுவாக ஆல்ட்ரேஷனுக்குப் போகிறவர்களுக்கும் சில சொற்கள். பக்கவாட்டைப் பிடிப்பது, கையைக் குறைப்பது, பேன்ட் இடுப்பை ஓர் அங்குலம் கூட்டிக் குறைப்பது, பாட்டம் மடிப்பது எல்லாம் எளிய வேலை. நூறிருநூறு ரூபாய்ச் சட்டையைக்கூட அவை ஆளை நிமிர்த்திக் காட்டும் சட்டையாக மாற்றும். தோளையும் ஆம்ஹோலையும் மாற்றுவது முழுதாகப் பிரித்துத் தைக்கிற வேலை. கோட்டில் அது இன்னும் கடினம். ஆகையால் தோள் பொருந்தாத கோட் எவ்வளவு தள்ளுபடியில் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். கோட்டின் கை, உள்ளே போட்ட சட்டையின் கஃப் அரை அங்குலம் தெரியும் உயரத்தில் முடியட்டும். புதுக் கோட்டின் பின்பக்கப் பிளவில் பெருக்கல் குறி போலக் குறுக்கே போட்டிருக்கும் நூலும், கையின் வெளிப்புறம் தைத்திருக்கும் பிராண்டுச் சீட்டும் வண்டியில் வரும்போது துணி கசங்காமலிருக்கவும் கடையில் அடையாளத்துக்காகவும் போட்டவை. மேடையேறும் முன் இரண்டையும் பிரித்துவிடுங்கள். வெளிப் பைகளை மூடியிருக்கும் தையலையும் பிரிக்கலாம். ஆனால் சில கோட்டுகளில் பை வெறும் மடிப்பாக மட்டும் இருக்கும் என்பதால், பிளேடு வைப்பதற்கு முன் உள்பக்கம் தடவிப் பை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.